பக்கத்து அறைச் சாட்சி

ஜூன் 3, செவ்வாய்

எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது நல்லது. இருபத்தாறு வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்து நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். வாயால் சொன்னது காற்றோடு போகும், தேதி போட்டது நிற்கும். வக்கீல்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஐந்து மாதமாக அரிசி டிரம்முக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டினேன். முன் அறைக்கு ஆள் வந்திருக்கிறது. நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் கையில் ஆதாரம் வேண்டும்.

பெயர் சகாயமேரி. வயது முப்பத்தைந்து. பொன்மலைக்காரி. திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு பிரின்டிங் கடையில் கம்ப்யூட்டர் வேலை. மெல்லிசைக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசிக்கிறவர் வராத நாட்களில் இவளைக் கூப்பிடுவார்களாம். பெண்பிள்ளை டிரம்ஸா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். டிரம்ஸ் எங்கே என்றேன். அண்ணன் வீட்டில் இருக்கிறது என்றாள். அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

ஓனர் சென்னையில். மாடி முழுக்க என் பெயரில் வாடகை; நான் பின் அறை, சகாயம் முன் அறை. அடுக்களையும் கூடமும் பொது. இதற்கு முன் இருந்தவள் கல்யாணமாகிப் போய் நாலு வருடம் ஆகிறது. தனியாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர் மோட்டார் போட இன்னொரு கை இருந்தால் நல்லது என்றுதான் ஆள் சேர்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

முதல் புகார். காலையில் நான் அடுக்களையில் தாளித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கிளம்பிவிடுகிறாள். திரும்பிப் பார்த்தால் ஆளும் இல்லை, செருப்பும் இல்லை. வந்ததிலிருந்து இப்படித்தான். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர் "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். இதற்கு என்ன காசா செலவாகிறது? வளர்ப்பு.

ஜூன் 12, வியாழன்

காலிங் பெல் மறுபடி அடிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து "நல்லாத்தாம்மா அடிக்குது" என்று சாதித்தான். புதுசு மாட்டிவிட்டுப் போ என்றேன். இது நான் கழற்றச் சொல்கிற இரண்டாவது பெல்.

ஜூன் 20, வெள்ளி

புது நீதிபதி நல்ல மனிதர், ஆனால் வார்த்தைகளை மென்று விழுங்குகிறார். இன்று ஒரு சாட்சியத்தில் ஐந்து இடத்தில் கோடு போட்டுவிட்டு, அப்புறம் வக்கீலின் குமாஸ்தாவிடம் கேட்டு நிரப்பினேன். இந்தக் காலத்தில் யாருக்குமே வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை. போனும் சரியில்லை, இடது காதில் வைத்தால் டவர் கிடைப்பதில்லை.

குக்கரில் விசில் எண்ணுவதை விட்டுவிட்டேன். கடிகாரம் பார்த்துப் பன்னிரண்டு நிமிடம், பருப்பு மலர்ந்துவிடுகிறது.

ஜூன் 29, ஞாயிறு

டிரம்ஸ் வந்துவிட்டது. அண்ணிக்கு அந்த அறை வேண்டுமாம், இன்றே எடுத்துக்கொள் என்றாளாம். குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். சிவப்பு நிறம். பெரிய டிரம் ஒன்று, அதைச் சுற்றிச் சின்னதும் நடுத்தரமுமாக நாலு, மேலே பித்தளைத் தட்டுகள். கூடத்தில் பாதி போயிற்று.

"ஒரே ஒரு தடவ வாசிச்சுப் பாத்துக்குறேங்க்கா" என்றாள். சாயங்காலம் ஐந்து மணி, யாருக்கு என்ன என்று சரி சொன்னேன். நான் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் பயமுறுத்துகிற மாதிரி ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் மெத்தையைக் காயப்போட்டுத் தட்டுவது போல இருந்தது. நெஞ்செலும்பில் வந்து லேசாகத் தொட்டது. எனக்குப் பிடித்தே இருந்தது என்று எழுத வேண்டும், ஆதாரத்துக்காக எழுதுகிற டைரியில் பொய் கூடாது.

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தால் வாசலில் நாலு பேர். பெல்லை அழுத்தி அழுத்திக் கதவை உடைக்காத குறையாம். எதிர் வீட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். எல்லோருக்கும் பின்னால் கீழ்வீட்டு பிச்சைமுத்து சார், தோளில் துண்டோடு, சங்கடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடமாக இங்கே குடி.

பொறுமை என்பது இந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஜூலை 2, புதன்

சகாயத்தின் பிரச்சினை இதுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்கள். செப்டம்பர் 15 அன்று போய் வாசித்துக் காட்ட வேண்டும். கிடைத்தால் மாதச் சம்பளம், நிரந்தரம், யாரோ வராத நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதுவரை தினமும் இரண்டு மணி நேரம் கை ஓட வேண்டும். எங்கே ஓடுவது?

இரண்டு நாளாகப் பெட்ஷீட்டும் போர்வையும் போட்டு மூடி வாசித்துப் பார்த்தாள். காய்ச்சல் வந்தவனை எழுப்பி ஆடச் சொன்ன மாதிரி இருக்கிறது என்றாள். நான் எலக்ட்ரானிக் வாங்கு என்றேன். ரப்பர் தட்டுகள், ஒயர், காதில் ஹெட்போன். அவளுக்கு மட்டும் கேட்கும். சுற்றி நாலு குடித்தனம் இருக்க, மாடியில் இருப்பவளுக்கு வேறென்ன வழி?

அவளுக்கு மனசில்லை. "நெஜ டிரம்ஸ்ல தோலு திருப்பி அடிக்கும்க்கா. நம்ம ஒண்ணு சொன்னா அது ஒண்ணு சொல்லும். இதுல பதில் வராது. நான் மட்டும் பேசிக்கிட்டே இருக்கணும்."

பதில் வராத வீட்டில் பேசிக்கொண்டே இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், நாலு வருட அனுபவம் என்று சொல்ல வந்தேன். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

சிவப்பு டிரம்ஸ் பொன்மலை சர்ச்சில் பாடகர் குழுவின் அறைக்குப் போயிற்று. ஞாயிறு பூசைக்கு வாசித்துக் கொடுப்பதாகச் சொல்லி இடம் வாங்கியிருக்கிறாள். தஞ்சாவூரில் ஒருவர் விற்ற பழைய எலக்ட்ரானிக் செட் வந்து முன் அறையில் உட்கார்ந்தது. பெரிய டிரம் இருக்க வேண்டிய இடத்தில் கால் பெடலும், எதிரே நிற்கும் ஒரு ரப்பர் பலகையும். மிதித்தால் சின்னச் சுத்தியல் போய் அதில் அடிக்கும்.

சகாயம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தாள். கை பறக்கிறது, தலை ஆடுகிறது, ஒரு சத்தமும் இல்லை. ஊமைப்படம். என் யோசனை என்பதால் சொல்லவில்லை, அருமையான பொருள்.

"ரப்பர்ல குச்சி தட்டுற சத்தம் உங்க ரூமுக்கு வருதாக்கா? ஹெட்போன் போட்டா எனக்குத் தெரியாது."

"துளி இல்ல. நீ தாராளமா வாசி."

ஜூலை 19, சனி

பிச்சைமுத்து சார் மேலே வந்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. சாயங்காலத்துல மேல ஏதும் உலக்கை வச்சு இடிக்கிறீங்களா? தும்மு தும்முன்னு இறங்குது. மரகதத்துக்கு ஒத்தைத் தலைவலி, அதான்..."

மரகதம் அவர் மனைவி. சகாயம் வெளிறிப்போனாள். நான் விடவில்லை. "சார், நான் பக்கத்து ரூம்லயே இருக்கேன். ஒரே சுவர். எனக்குக் கேக்காத சத்தம் ஒரு மாடி தாண்டி உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

அவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "அதுவும் சரிதாம்மா. எங்களுக்குத்தான் அப்படி இருக்கோ என்னவோ" என்று இறங்கிப் போனார்.

"நெஜமாவே கேக்கலையாக்கா?" என்றாள் சகாயம்.

"சத்தியமா."

ஜூலை 28, திங்கள்

ஓனர் போன். கீழே இருந்து இரண்டாவது தடவையாகச் சொல்லிவிட்டார்களாம், அந்தப் பெண்ணைக் காலி செய்யச் சொல்லிவிடட்டுமா என்றார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன், சகாயமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. இப்போது கிளப்பினால் எங்கே போவாள்?

எழுதித் தருகிறேன் என்றேன். கோர்ட் முறைப்படி எழுதினேன்: "மேற்படி வீட்டின் மாடியில், மேற்படி சகாயமேரியின் அறைக்கு அடுத்த அறையில் வசிக்கும் நான், அவரது பயிற்சி நேரங்களில் வீட்டிலேயே இருந்தும் எவ்விதச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை என்று உறுதி கூறுகிறேன். ஒப்பம், தையல்நாயகி." போட்டோ எடுத்து அனுப்பியாயிற்று. உங்கள் வார்த்தை போதும்மா என்று ஓனர் பதில் போட்டார்.

சகாயம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் வறுத்தாள். நான் சைவம் என்பதை மறந்துவிட்டாள். சந்தோஷத்தில் மறந்தது என்பதால் புகாரில் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் வாசிக்கப்போகும் உருப்படி தயாராகிவிட்டதாம். "முதல்ல நீங்கதாங்க்கா கேக்கணும்" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள். வாசிக்க ஆரம்பித்தாள். எங்கேயோ கிணற்றுக்குள் வாசிப்பது போல இருந்தது. டிரம்ஸோடு வந்த பெட்டியில் சத்தத்தைக் கூட்டுகிற திருகு ஒன்று இருக்கிறது, அதைத் திருகினேன். இன்னும் திருகினேன். அது நின்ற இடத்தில் நன்றாகக் கேட்டது. என்ன வாசிப்பு! மழை ஓட்டுக்கூரையில் இறங்கி, ஓடி, நின்று, மறுபடி இறங்குகிறது. கடைசியில் என் கண் கலங்கிவிட்டது. வெங்காயம்கூட நறுக்கவில்லை.

"பிரமாதம்டி" என்று கழற்றிக் கொடுத்தேன். அவள் தன் தலையில் மாட்டிக்கொண்டு குச்சியால் ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த நொடி, நெருப்புப் பட்டவள் மாதிரி ஹெட்போனைப் பிடுங்கி வீசினாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அப்புறம் நிமிர்ந்து அந்தத் திருகைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அக்கா..." என்றாள்.

இட்லிக்கு ஊறப் போட வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். உளுந்து ஏற்கனவே ஊறிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அவள்தான் ஆரம்பித்தாள். டிரம்ஸ் வாசிக்கிற எல்லோருக்கும் காதைப் பற்றிப் பயம் உண்டாம். அவளுக்கே இடது காதில் சில நாள் ஓயாத இரைச்சலாம், அதனால்தான் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்துக்கொண்டு வாசிக்கிறாளாம். புத்தூரில் ஒரு டாக்டரிடம் வருடா வருடம் காட்டுகிறாளாம். "சும்மா கூட வாங்கக்கா. எனக்குத் துணைக்கு."

துணைக்காம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "நான் என்ன டமாரச் செவிடா? என்னைப் பார்த்தா உனக்கு அப்படித் தெரியுதா?" என்று கத்தினேன். கரண்டி கையிலிருந்து விழுந்தது. விழுந்ததைப் பார்த்தேன்.

அந்த வார்த்தையை நான் சொல்லி முப்பத்தைந்து வருடம் இருக்கும். எங்கள் தெருப் பையன்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். டமாரம் வீடு எது என்று கேட்டால் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் ஆரம்பித்தது. "எதுக்க வந்து நின்னு பேசுடி, வாயப் பாத்தா புரியும்" என்று கெஞ்சுவாள். எனக்குப் பதினாலு வயது, எதிரே வந்து நிற்க நேரமில்லை. சிநேகிதிகள் வந்தால் அம்மாவை அடுக்களையிலேயே இருக்கச் சொல்வேன். இருந்தாள். சாகிறவரை யார் வந்தாலும் அடுக்களைக்குள் போய்விடுவாள்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சகாயத்திடம் ஒரு புதுப் பழக்கம். என்ன சொல்வதானாலும் எழுந்து வந்து எனக்கு நேர் எதிரே நின்று சொல்கிறாள். நான் காய் நறுக்கினால் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். விளக்கைப் போட்டுவிட்டுப் பேசுகிறாள். இப்போதெல்லாம் அவள் பேச்சு நன்றாகத் தெளிந்திருக்கிறது. என் கூட இருப்பதால் வந்த பயிற்சியாக இருக்கும்.

இன்னொன்று. எட்டு மணிக்குச் சாப்பாடு தயாரானால் முன் அறைக்குப் போய் அந்தக் கால் பெடலை இரண்டு தடவை மிதிப்பாள். தும், தும். நான் பின் அறையில் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளங்காலில் வந்து தட்டும். நேரே போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். கத்திக் கூப்பிடுவதைவிட நாகரிகமாக இருக்கிறது. எட்டு மணி ஆவதற்கு முன்பே காலைத் தரையில் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று குறுக்கு விசாரணை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. என் உள்ளங்காலுக்கு வருகிற தும், அதே தளத்தின் அடிப்பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்கு என்னவாக இறங்கும்?

ஆனால் கடிதத்தில் நான் எழுதியது "கேட்கவில்லை" என்று. அது சத்தியம். காலைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

இந்த மாதிரி சாமர்த்தியம் பேசுகிற சாட்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருத்தரையும் எனக்குப் பிடித்ததில்லை.

ஆகஸ்ட் 30, சனி

காலையில் பால் வாங்க இறங்கினேன். கீழ்வீட்டு வாசலில் அட்டைப் பெட்டிகள். பிச்சைமுத்து சார் பாத்திரங்களைத் தினத்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். என்ன சார் என்றேன். இந்த மனிதரும் எழுந்து எதிரே வந்து நின்றார், மரியாதைக்காக.

"தஞ்சாவூர்ல பையன் வீட்டுப் பக்கம் போயிடலாம்னு இருக்கோம்மா. ஓனர் சொன்னாரு, கோர்ட்டம்மாவே எழுதிக் குடுத்துருக்காங்க, உங்களுக்குத்தான் பிரமைன்னு. நீங்க பொய் சொல்லுவீங்களா? மரகதத்துக்கே சந்தேகம் வந்துருச்சு, இல்லாத சத்தம் காதுல விழுதோன்னு. ஒரு வாரமா அழுகை. மூளை டாக்டர்கிட்டக் காட்டி மாத்திரை போடுறா. இடம் மாறுனா சரியாகும்னு..."

உள்ளே மரகதம் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பால் வாங்காமல் மேலே வந்தேன்.

நான் வாயைத் திறந்தால் அந்த அம்மாள் தெளிவாள். ஆனால் என்ன சொல்லித் திறப்பது? அடுத்த அறையில் இருந்தும் சத்தம் ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் கோர்ட்டுக்கு எத்தனை தூரம்? காது கேட்காத சுருக்கெழுத்தரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

பயமாக இருக்கிறது. இதையும் தேதி போட்டே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சகாயம் பூசைக்குப் போய் வரும்வரை காத்திருந்தேன். வந்ததும், "போய் வாசி. நான் வந்து நிறுத்தச் சொல்ற வரைக்கும் வாசி" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நான் கீழே இறங்கினேன். கோர்ட்டில் இதற்கு ஸ்தல பரிசோதனை என்று பெயர். பிச்சைமுத்து சார் கதவைத் திறந்தார். கூடத்தின் நடுவில் போய் நின்றேன். மின்விசிறி ஓடவில்லை, ஆனால் அதன் இறக்கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். தும். தும். தும். மேலே மழையாகக் கேட்டதுதான், இங்கே உலக்கையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மரகதம்மா" என்றேன். அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"உங்களுக்குப் பிரமை இல்ல. சத்தம் வருது. நான் எழுதிக் குடுத்தது தப்பு. எனக்கு..." இருபத்தாறு வருடம் அடுத்தவர் வார்த்தைகளைத்தான் எழுதியிருக்கிறேன், இது என் சொந்த வார்த்தை. "எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா. யார்கிட்டயும் சொன்னதில்ல."

மரகதம் என்னை வெறித்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்ட வேண்டியதுதான். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அப்புறம் கிட்டே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையேம்மா?"

"இல்லம்மா. இல்ல."

நானும் அழுதேன். பிச்சைமுத்து சார் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினால் வாசல்படியில் சகாயம். எப்போது வாசிப்பை நிறுத்திவிட்டு வந்தாளோ தெரியாது. எல்லாம் கேட்டிருக்கிறாள். "நான் காலி பண்ணிடுறேன் சார், நீங்க போகாதீங்க" என்றாள்.

"யாரும் எங்கயும் போக வேணாம்" என்றார் பிச்சைமுத்து சார். பதினோரு வருடத்தில் அந்தக் குரலில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. "இது காத்துல வர்ற சத்தம் இல்லம்மா. மிதிக்கிற அதிர்வு, தளம் வழியா இறங்குது. முப்பத்தாறு வருஷம் இதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. தண்டவாளத்துக்கு அடியில ரப்பர் எதுக்கு வைக்கிறோம்? அதுக்கும் கீழ ஜல்லி எதுக்கு? அம்மாம் பெரிய ரயிலோட ஆட்டத்தையே அதுங்க குடிச்சிரும். ஒரு பொண்ணோட கால் என்னா? இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா மொதல்லயே செஞ்சிருப்பேன்."

ஓனருக்கு இரண்டாவது கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். முந்தைய கடிதத்தை வாபஸ் வாங்குவதாகவும், எழுதியவருக்குக் கேட்கும் திறன் குறைவு என்பதாகவும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒரு வாரமாக மாடிப்படியில் மரத்தூள். இரண்டு கனமான பலகை, நடுவில் பாதியாக அறுத்த டென்னிஸ் பந்துகள் வரிசையாக, அதற்கு அடியில் பழைய லாரி டயரில் வெட்டிய ரப்பர். அதன் மேல் டிரம்ஸ் ஏறி உட்கார்ந்தது. பிச்சைமுத்து சார் நாலு மூலையிலும் ஏறி மிதித்து, "பாதை ரெடி" என்றார்.

சகாயம் வாசித்தாள். நானும் அவரும் கீழே இறங்கிப் போனோம். மரகதம் காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் போயிருக்கும். "என்னங்க, அந்தப் பொண்ண ஆரம்பிக்கச் சொல்லுங்களேன். எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது?" என்றாள்.

பெட்டிகளில் கட்டிய பாத்திரங்களை இறக்கிக் கழுவ நானும் கூட இருந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

எட்டு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தரையில் வைத்தேன். எட்டே கால். எட்டரை. தரை சும்மா கிடந்தது. வெறும் தரை. சமையல் முடியவில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தேன். ஒன்பதுக்குச் சகாயம் வந்து எதிரே நின்றாள்.

"அப்பவே ரெண்டு தடவ மிதிச்சேங்க்கா. அப்புறம் நாலு தடவ."

அந்த ரப்பர் எல்லோருடைய சத்தத்தையும் குடித்துவிட்டது, என்னுடையதையும் சேர்த்து. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாதியில் தட்டை நகர்த்தி வைத்தேன். அவள் கூப்பிட்டு எனக்குத் தெரியாமல் போனது இன்று முதல் தடவை இல்லை, இத்தனை நாளும் கால் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"அந்தப் புத்தூர் டாக்டர்கிட்ட நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றேன்.

"ம்" என்று தலையாட்டிவிட்டு அவசரமாக எழுந்து மோர் எடுக்கப் போனாள். மோர் அவள் கையருகிலேயே இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

மூன்று செய்தி.

ஒன்று, டாக்டர் வரைபடம் போட்டுக் காட்டினார். இடது காதில் இழப்பு அதிகம், வலது காதில் பாதி. அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். அந்தக் காலத்தில் யாரும் காட்டவில்லையா என்றார். இல்லை டாக்டர், எங்களுக்கு நேரமில்லை என்றேன். காதுக் கருவிக்கு அளவெடுத்திருக்கிறார்கள், வர மூன்று வாரம் ஆகும்.

இரண்டு, கோர்ட்டில் தலைமை எழுத்தரான சிரஸ்தாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எனக்குக் கண்ணு, உங்களுக்குக் காது" என்றார். நீதிபதி என் வலது காதுப் பக்கம் வரும்படி என் நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். அவ்வளவுதான். இதற்காகவா இரண்டு வருடம் செத்துச் செத்துப் பிழைத்தேன்?

மூன்று, சகாயத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. அங்கே இருந்தது நிஜ டிரம்ஸ். ரப்பரில் பழகிய கை முதல் இரண்டு நிமிடம் தடுமாறியதாம். "அப்புறம் தோலு திருப்பி அடிச்சுதுக்கா, கை ஞாபகம் வந்துருச்சு." வீட்டுக்கு எலக்ட்ரானிக், ஞாயிற்றுக்கிழமை பொன்மலையில் சிவப்பு டிரம்ஸ் என்று முடிவாகிவிட்டது. இரண்டும் வேண்டும் என்கிறாள். பேராசைக்காரி.

அக்டோபர் 6, திங்கள்

சனிக்கிழமை கருவி வந்தது. இரண்டு நாளாக உலகம் ஒரே இரைச்சல். தட்டு, தண்ணீர், மின்விசிறி, என் சொந்த வளையல், எல்லாம் சண்டைக்கு வருகிறது. குக்கர் விசிலுக்குத் துள்ளிக் குதித்தேன். காலிங் பெல் குயில் மாதிரி கூவுகிறது. நான் கழற்றச் சொன்ன இரண்டும் இப்படித்தான் கூவியிருக்கும், எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹெட்போன் போட்டு சகாயம் வாசிக்கும்போது ரப்பரில் குச்சி படும் சத்தம் என் அறைக்குத் தெள்ளத் தெளிவாக வருகிறது. தட்டத் தட்டத் தட தட. துளி இல்லை என்று சத்தியம் செய்தவள் நான்.

இன்று காலை அடுக்களையில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிப்பதை இத்தனை நாள் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கத்திலிருந்து:

"போயிட்டு வரேங்க்கா."

திரும்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் என்று புதுச் சுடிதாரில், கதவில் கை வைத்தபடி நின்றாள். பதிலுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி இல்லை. அது பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் படியில் கால் வைக்கப் போனாள்.

"சகாயம்! தினமும் சொல்லுவியா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் என் காதைப் பார்த்தாள். "மொத நாள்லேர்ந்து சொல்றேங்க்கா."

"நான் பதிலே சொன்னதில்லையே."

"மொதல்ல உங்களுக்கு என் மேல கோவம்னு நெனச்சேன். அப்புறம் காரணம் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்ச பெறகும் எதுக்குச் சொன்ன?"

"வீட்டுல ஆள் இருக்கப்ப சொல்லாம எப்படிக்கா போறது?" என்று சிரித்துவிட்டு இறங்கினாள், நேரமாகிவிட்டது.

கடுகு கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு பால்கனிக்கு ஓடினேன். அவள் கீழே கேட்டைத் தாண்டிவிட்டாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பிச்சைமுத்து சார்கூட வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"போயிட்டு வா!"

நின்று, திரும்பி, கையை ஆட்டினாள்.

ஜூன் 5ஆம் தேதியிட்ட புகாரை இன்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். தவறு சாட்சியுடையது.